சாடிக்கு ஒரு கறுப்பு முட்டை

அந்தச் சித்திரையில் ஜேசுரட்ணத்தின் தோட்டத்துக்கு முதலில் வராமல் விட்டது ஒரு குருவி.

கறுத்த உடம்பு, மஞ்சள் சொண்டு. ஜேர்மன்காரர் அம்சல் என்று சொல்லும் குருவி. ஜேசுரட்ணம் மண்வெட்டியால் கொத்தும் சத்தம் கேட்டால் வேலியிலிருந்து இறங்கி, அவருடைய சப்பாத்துக்கு இரண்டு முழம் தள்ளி நின்று, புரண்ட மண்ணிலிருந்து புழுவை இழுத்துக்கொண்டு போகும். பதினெட்டு வருசமாக இப்படி. அதே குருவியா, அதன் பிள்ளையா, பேரப்பிள்ளையா என்று அவர் ஆராய்ந்ததில்லை. தன்னுடைய குருவி என்றுதான் சொல்வார். எசன் நகரம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஆளை நம்பிப் பக்கத்தில் வரும் குருவி வேறு எவன் தோட்டத்திலும் இல்லை என்றும் சொல்வார்.

அன்று மூன்று பாத்தி கொத்தினார். குருவி வேலியில் இருந்து பார்த்தது. இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நாலு தோட்டம் தாண்டிப் பறந்துபோய் அங்கே இறங்கியது.

வீட்டுக்கு வந்து, குருவிக்கும் இப்போது கொழுப்பு ஏறிவிட்டது என்று மனைவி கொறற்றியிடம் பகிடி விட்டார். ஆனால் கொத்திய மண் எப்படிக் கிடந்தது என்பதை அவளுக்குச் சொல்லவில்லை. மூன்று பாத்தியிலும் அவர் கண்ட மண்புழு இரண்டு. இரண்டும் மெலிந்து கிடந்தன.

அந்தத் தோட்டம் எப்படி உண்டானது என்று தெரிந்தால்தான் இரண்டு புழு என்ற கணக்கின் பயம் விளங்கும். ஜேசுரட்ணம் மன்னார்ப் பேசாலையில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எண்பத்தைந்தாம் ஆண்டு ஜேர்மனிக்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு இரும்பு வார்க்கும் ஆலையில் முப்பத்தொரு வருசம் நின்றார். எவனுடைய சிபாரிசும் அவருக்கு இருக்கவில்லை. தோட்டச் சங்கத்தில் துண்டு நிலம் கேட்டபோது, ஒருவரும் எடுக்காத கடைசித் துண்டைத் தள்ளிவிட்டார்கள். பழைய சுரங்கக் கழிவும் செங்கல் உடைசலும் களியும் கலந்த நிலம். உருளைக்கிழங்கு நட்டால் நெல்லிக்காய் அளவில் கிளம்பும். பக்கத்துத் துண்டுக்காரர் வோல்ட்டர்ஸ், சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்த கிழவர், இதில் கல்லுத்தான் விளையும் என்று சிரித்தார்.

ஜேசுரட்ணம் பசளை வாங்கவில்லை. மழை பெய்யும் நாட்களில் ஐஸ்கிறீம் பெட்டியோடு தெருவுக்கு இறங்கினார். மண்புழுவுக்கு மூக்கும் இல்லை, நுரையீரலும் இல்லை. ஈரத்தோலால்தான் மூச்சு. மழை பெய்தால் அது மேலே வரும், வந்து நடைபாதையில் அகப்பட்டு வெயிலில் காய்ந்து சாகும். அவற்றைப் பொறுக்கினார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் புழு மனிசன் என்று பின்னால் கூவினார்கள். கூவட்டும் என்று பொறுக்கினார். வருசக்கணக்கில் ஆயிரமாயிரமாகக் கொண்டுபோய் அந்தக் கல்லு நிலத்தில் விட்டு, மேலே இலையும் மரக்கறித் தோலும் போட்டு மூடினார்.

படித்தவன் புத்தகத்தில் பார்ப்பதை அவர் குந்தியிருந்து பார்த்தார். உடம்பில் பட்டி கட்டினதுபோல் தடித்த வளையம் உள்ளதுதான் பருவத்துக்கு வந்த புழு. ஒவ்வொன்றும் ஆணும்தான், பெண்ணும்தான், ஆனாலும் இன்னொன்று இல்லாமல் முட்டை வைக்காது. முட்டைக்கூடு தேன் நிறத்தில், சின்ன எலுமிச்சங்காய் வடிவில் இருக்கும். ஆழத்தில் வசிக்கும் பெரிய புழு விடியற்புறம் மேலே வந்து, விழுந்த இலையை நுனியில் பிடித்துத் தன் துவாரத்துக்குள் இழுக்கும். காம்பில் பிடித்தால் இலை சிக்கும் என்று அதற்குத் தெரியும். கண்ணில்லாத சீவனுக்கு இந்தப் புத்தி. மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று யாராவது விருந்துகளில் சொல்லிவிட்டால் போதும், சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு ஜேசுரட்ணம் எழும்பிவிடுவார். ஆகாது, வால் செத்துப்போகும், தலைப்பக்கமும் தப்பினால் அதிட்டம் என்று, சொன்னவர் தலை குனியும்வரை விடமாட்டார்.

ஏழாம் வருசம் அந்த நிலத்தில் முழங்கை வரை கை இறங்கியது. மண் கேக் போல உதிர்ந்தது. வோல்ட்டர்ஸ் வந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஜேசுரட்ணம் தன் வாழ்க்கையில் வாங்கிய பட்டம் அது ஒன்றுதான். அதை அவர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்.

இருதயத்தில் அடைப்பு வந்து டொக்டர்மார் நெஞ்சைப் பிளந்தபோது மாதாவிடம் ஒரு நேர்த்தி வைத்தார். எழும்பி நடந்தால், ஒவ்வொரு ஆவணியும் கெவலார் மாதா கோயிலுக்கு யாத்திரை வரும் எங்கள் சனத்துக்கு என் கையால் வளர்த்த கறிவேப்பிலைக் கன்று கொடுப்பேன் என்று. எழும்பினார். பாரிஸ் லாசப்பல் கடைத்தெருவில் தாய்க்கன்றுகள் மூன்றை வாங்கித் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். குளிர் முழுக்க வீட்டுக்குள், கோடையில் தோட்டத்தில்.

கறிவேப்பிலை ஜேர்மனியில் சாகிறது என்று அழுகிறவர்களுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கோடையில் சாடியை நிலத்துக்கு மேலே வைப்பதில்லை, பாதிச் சாடியை மண்ணுக்குள் புதைப்பது. சாடியின் அடித்துவாரத்தால் மண்புழு உள்ளே ஏறும், வேருக்குக் காற்று விடும். ஏறாவிட்டால் தானே இரண்டு புழுவைப் பிடித்து விடுவார். ஜேசுரட்ணத்தின் கன்று என்றால் இரண்டு புழு இருக்கும் என்று சனம் சொல்லும். முதல் ஆவணியில் இருபத்தெட்டுப் பேருக்குக் கொடுத்தார். அடுத்த ஆவணியில் இன்னும் முப்பத்தைந்து பேருக்கு. ஐப்பசி பிறந்தால் அத்தனை பேருக்கும் போன் எடுத்து, கன்றை உள்ளே எடுத்தாயிற்றா என்று அதட்டுவார். நம்பர்கள் எல்லாம் கொறற்றியின் போனில் இருந்தன.

அந்த இரண்டாம் வருசத்தில்தான் சாடிகளின் அடியில் கறுப்பு முட்டைகளைக் கண்டார். மிளகிலும் கொஞ்சம் பெரிது, எண்ணெய் பூசினதுபோல் மினுக்கம். மண்புழு முட்டை தேன் நிறம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தன் புழு தின்னும் தீனிக்கு, அது கொழுத்த கொழுப்புக்கு, முட்டையும் பெருத்துக் கறுத்திருக்கிறது என்று முடிவு கட்டினார். சந்தோசத்தில், அந்த வருசம் கொடுத்த ஒவ்வொரு சாடிக்குள்ளும் ஒரு கறுப்பு முட்டையை விரலால் குத்திப் புதைத்துவிட்டார். சனத்துக்கு ஒரு மேலதிக ஆசீர்வாதமாக.

இப்போது, குருவி இறங்காத அந்த வசந்தத்தில், போன இலையுதிர்காலத்து இலைகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. ஒன்றும் இழுபடவில்லை. மழை பெய்தால் பாத்தியில் தண்ணீர் நின்றது. பதினெட்டு வருசத்தில் நிற்காத தண்ணீர்.

வோல்ட்டர்ஸ்தான் மருந்து அடித்திருக்கிறார் என்று ஜேசுரட்ணம் வேலியில் நின்று சண்டை பிடித்தார். கிழவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன்னுடைய துண்டுக்குள் கூப்பிட்டுப்போய் வேலியோரம் ஒரு குழி தோண்டிக் காட்டினார். புழு இல்லை. அப்பால் தள்ளி இன்னொரு குழி. அதில் நாலு கிடந்தன. உன் வேலிப் பக்கமிருந்துதான் இது வருகிறது, யேசு, என்றார். அவர் அந்தப் பெயரை எப்போதும் அப்படித்தான் சுருக்குவார். சுரங்க காலத்துக் கதையும் சொன்னார். கீழே வெறுமையானது மேலே தெரிய வருசம் எடுக்குமாம். வீட்டுச் சுவர் வெடிக்கும்போது கீழே எப்போதோ எல்லாம் முடிந்துபோயிருக்குமாம்.

ஜேசுரட்ணம் நம்பவில்லை. ஐஸ்கிறீம் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் தெருவுக்கு இறங்கினார். அறுபத்தெட்டு வயதில், பிளந்து தைத்த நெஞ்சோடு, மழையில் குனிந்து குனிந்து இருநூறு முந்நூறு புழு பொறுக்கி, கறிவேப்பிலைச் சாடிகள் புதைந்திருந்த பாத்தியில் விட்டார். மூன்று கிழமையில் ஒன்றும் மிஞ்சவில்லை. திரும்பப் பொறுக்கி விட்டார். அவையும் போயின. எதற்கோ சாப்பாடு போடுவதுபோல் இருக்கிறது என்று கொறற்றி சொன்னாள். அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஐஸ்கிறீம் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

வைகாசியில் ஒரு காலை, மழை விட்ட கையோடு, சாடிப் பாத்தியின் ஓரம் கிடந்த பலகையைப் புரட்டினார். அடியில் ஒரு பெரிய மண்புழு கிடந்தது. வெளிச்சம் பட்டதும் நெளிந்து ஓடவேண்டிய புழு ஓடவில்லை. அதைச் சுற்றி ஒன்று ஒட்டியிருந்தது. இலைபோல் தட்டை. நனைந்த புகையிலையின் நிறம். காலும் இல்லை, வளையமும் இல்லை, ஓடில்லாத நத்தைக்கு இருக்கும் கொம்பும் இல்லை. அதன் வயிற்றின் நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு குழாய் வெளியே வந்து புழுவின் உடம்புக்குள் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே புழு சுருங்கியது. சத்தம் இல்லை. தோல்தான் மிஞ்சியது.

இரும்பு உருகி ஓடும் ஆலையில் முப்பத்தொரு வருசம் பயப்படாமல் நின்ற மனிதர் இரண்டடி பின்னுக்கு வந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து அந்தத் தட்டையனைக் கொத்தினார். பக்கத்துப் பலகையைப் புரட்டினார். அங்கே மூன்று. கல்லைப் புரட்டினார். ஐந்து. கொத்திக் கொத்தி எறிந்தார்.

போனில் படம் எடுத்து, பான் நகரில் மண் பரிசோதிக்கும் இடத்தில் வேலை செய்யும் தங்கை மகள் பிரபாலினிக்கு அனுப்பினார். ஜேர்மனியிலேயே பிறந்து படித்த பிள்ளை. வழக்கமாக மாமாவின் புழுப் படங்களுக்குச் சிரிப்புப் பொம்மை அனுப்புகிறவள் அன்று அரை மணித்தியாலத்தில் போன் எடுத்து, ஒன்றையும் தொடவேண்டாம், சனிக்கிழமை வாறன் என்றாள்.

வந்து, கையுறை போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தாள்.

"மாமா, இதை வெட்டினீங்களோ?"

"வெட்டினன். சும்மா விடுவனோ? நாலு துண்டாய் வெட்டினன்."

"துண்டுகளை எங்கை போட்டீங்கள்?"

"எங்கை போடுறது? குப்பைக் கும்பிக்குள்ளைதான்."

"மண்புழுவை வெட்டினால் ரெண்டாகாது எண்டு ஊர் முழுக்கச் சண்டை பிடிக்கிறனீங்கள். அது சரிதான் மாமா. ஆனால் இது ரெண்டாகும். நாலாய் வெட்டினால் நாலாகவும் வரும்."

ஜேசுரட்ணம் மண்வெட்டியின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தென் அமெரிக்காப் பக்கத்துச் சீவன், பூச்சாடி மண்ணோடு கப்பலேறி பிரான்சுக்கு வந்தது, அங்கே தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது என்று அவள் விளக்கினாள். பாரிசிலிருந்து வந்த மூன்று தாய்க்கன்றுகளையும் அவர் நினைத்தார். சொல்லவில்லை. அவள் ஒரு சாடியைப் பிடுங்கிப் புரட்டினாள். அடியில் ஏழெட்டுக் கறுப்பு முட்டைகள் ஒட்டியிருந்தன.

"அது எங்கட புழுவின்ரை முட்டை பிள்ளை. நல்ல சாதி," என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"இல்லை மாமா. இது அந்தத் தட்டையன்ரை. ஒரு முட்டைக்குள்ளை கனக்கக் குஞ்சு இருக்கும்." அவள் சாடியை மெல்ல வைத்தாள். "கன்று எத்தினை பேருக்குக் குடுத்தனீங்கள்?"

அவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டப் போவதுபோல் அப்பால் போனார். கொறற்றிதான் பதில் சொன்னாள். "அறுபத்திமூண்டு வீடு."

அன்று பின்னேரம் தேத்தண்ணி ஆறிக் கிடக்க மூவரும் இருந்தார்கள். ஆவணிக்கு இன்னும் நாற்பது கன்று தயாராக நின்றது. அவற்றின் வேரைக் கழுவி, சுடுதண்ணீர் காட்டி, கடை மண்ணில் மாற்றி நடலாம் என்று பிரபாலினி சொன்னாள். ஜேசுரட்ணம் உடனே பிடித்துக்கொண்டார். அப்படியே செய்வோம், புது மண்ணில் கொடுப்போம், நேர்த்தியும் தப்பாது, பழையதைப் பற்றி ஒருவரும் கேட்கப்போவதில்லை என்றார்.

"பழசு என்ன செய்யும்?" என்று கொறற்றி கேட்டாள்.

"சாடிக்குள்ளை கிடக்கும்."

"கோடையிலை பாதிச் சாடியை மண்ணுக்குள்ளை புதைக்கச் சொன்னது ஆர்? நீங்கள்தானே. புதைக்காதவைக்கு ஐப்பசியிலை பேச்சு விழும்."

அவருக்குக் கோபம் வந்தது. இந்தச் சனத்தின் முன்னால் நின்று, நான் தந்தது வியாதி என்று சொல்வதா? எட்டாம் வகுப்புக்காரன் சொல்வதை டொக்டர்மாரும் இஞ்சினியர்மாரும் வாய் பார்த்துக் கேட்ட இடத்தில், முட்டை எது, எமன் எது என்று தெரியாத மடையன் என்று நிற்பதா? அதைவிடச் செத்துப்போகலாம் என்றார். பிரபாலினி எழும்பும்போது, மாமா சொல்லாவிட்டால் தானும் சொல்லப்போவதில்லை என்றாள். ஆனால் ஒவ்வொரு மாதம் பிந்தும்போதும் அது வேலி தாண்டிவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கோடை முழுக்க அவர் கன்று கழுவினார். ஒவ்வொரு வேராக, தேய்த்து, சுடுதண்ணீர் காட்டி. நாற்பதில் பதினொன்று செத்தது. தோட்டத்து மண் ஆடி வெயிலில் வெடித்தது. வெடிப்புக்குள் விரலை விட்டால் உள்ளே சீமெந்து. வோல்ட்டர்ஸின் தோட்டத்தில் இரண்டாவது குழியிலும் புழு இல்லாமல் போனது. கிழவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா குழியைக் காட்டினார், மூடினார்.

ஆவணி யாத்திரைக்கு வழக்கம்போல் வானில் போனார்கள். பூசை முடிந்து, சனம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தபோது வானின் பின்கதவைத் திறந்தார். வரிசை முன்னமே நின்றது. கறிவேப்பிலை அண்ணை வந்திட்டார் என்று ஒருவர் குரல் கொடுத்தார். ஜேசுரட்ணத்தின் நெஞ்சு அந்த ஒரு சொல்லில் நிமிர்ந்தது. சொல்லவேண்டியதில்லை என்று அந்த நிமிடத்தில் தீர்மானித்துவிட்டார். இருபத்தொன்பது கன்று, கழுவின வேர், சுத்தமான மண். இனிமேல் சுத்தம். போதும்.

ஏழாவதாக நின்றவள் சந்திரகாந்தி. முன்ஸ்டர் பக்கம் இருக்கிறவள், போன வருசம் கன்று வாங்கியவள். இந்த முறை கேட்க வரவில்லை, நன்றி சொல்ல வந்திருந்தாள்.

"அண்ணை, கன்று நல்லாய் நிக்குது. நீங்கள் சொன்ன மாதிரிப் பாதிச் சாடியை மண்ணுக்குள்ளை தாட்டனான். உங்கட புழுவும் பெருகீட்டுது."

"என்ன புழு?"

"அந்தக் கறுத்த தட்டையான பெரிய சாதி. மற்றப் புழுக்களைக் காணேல்லை, இதுதான் கிடக்கு. மகள் இருபது பிடிச்சுப் பள்ளிக்கூடத்துத் தோட்டத்திலை கொண்டுபோய் விட்டவள். ரீச்சர் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிச்சுக் குடுத்தவவாம். எல்லாற்ரை வீட்டுக்கும்." அவள் சிரித்தாள். "உங்கட பேரைச் சொல்லித்தான் குடுத்தவள்."

ஜேசுரட்ணத்தின் கையில் ஏழாவது கன்று இருந்தது. அதை வானின் தட்டில் வைத்தார். பின்னால் நின்றவர்கள் என்ன தாமதம் என்று எட்டிப் பார்த்தார்கள். கொறற்றி அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கிட்ட வாங்கோ," என்றார். அவருக்கு ஒலிபெருக்கி ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. "போன வருசமும் முதல் வருசமும் என்னட்டைக் கன்று வாங்கினவை கேளுங்கோ. அதுக்குள்ளை மண்புழுவைத் தின்னுற ஒண்டு இருக்கு. நான்தான் கொண்டுவந்தனான். போன வருசம் அதின்ரை முட்டையை என்ரை இந்த விரலாலை சாடிக்குச் சாடி தாட்டுத் தந்தனான். மண்புழுவின்ரை முட்டை எண்டு நினைச்சன். எனக்குத் தெரியேல்லை."

கடைசிச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஒருவர் சிரித்தார், பகிடி என்று நினைத்து. சிலர், புழுதானே அண்ணை, இதுக்கே இந்தப் பாடு என்றார்கள். அவர் விடவில்லை. எந்தச் சாடியையும் வெளியில் வைக்கவேண்டாம், மண்ணைக் குப்பையில் கொட்டவேண்டாம், ஒன்றைக் கண்டால் வெட்டவேண்டாம், கொதிதண்ணீருக்குள் போடுங்கள், மிச்சத்துக்கு நானே வீடு வீடாக வருவேன் என்றார். வரிசை கலைந்தது. சிலர் புதுக்கன்றையும் வானில் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரும் வழியில் அவருக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது. தட்டைப்புழு ஜேசு. நேர்த்தி முடிந்ததா முறிந்ததா என்று அவர் கொறற்றியிடம் கேட்டார். மாதாவுக்குத் தெரியும் என்று அவள் சொன்னாள்.

அன்றிலிருந்து சனி, ஞாயிறு எல்லாம் வீடு வீடாக. ஒரு இரும்பு வாளி, கையுறை, கொதிதண்ணீர்ப் போத்தல் நாலு. அறுபத்திமூன்றில் நாற்பது வீடு பார்த்தாயிற்று என்று கணக்குச் சொல்வார். இந்த நாட்டில் தன்னைப்போல் கையால் இத்தனையைப் பிடித்தவன் இருந்தால் முன்னுக்கு வரட்டும் என்றும் சொல்வார். பழைய குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கொறற்றியின் போனில் நம்பர் இல்லை.

ஐப்பசியில் சந்திரகாந்தியின் வளவுக்குப் போனார்கள். மேப்பிள் மரத்தின் கீழ் இலை முழங்கால் அளவு கிடந்தது, ஒன்றும் இழுபடாமல், விழுந்தபடி. பலகையைப் புரட்டுவதற்கு முன் புல்லில் ஒரு குருவி இறங்கியது. கறுத்த உடம்பு, மஞ்சள் சொண்டு. ஜேசுரட்ணம் கையை உயர்த்தி, அசையவேண்டாம் என்று எல்லோரையும் நிற்பாட்டினார்.

குருவி தலையைச் சரித்துக் கேட்டது. இலைக்குள் கொத்தி ஒன்றை இழுத்தது. புகையிலை நிறம், தட்டை. ஒருமுறை சொண்டில் உதறியது. பிறகு எறிந்துவிட்டு, சொண்டைப் புல்லில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்தது. பறந்து போனது.

எறிபட்டது கொஞ்சம் கிடந்தது. பிறகு மெல்ல நீண்டு, பக்கத்து வேலியைப் பார்த்து நகரத் தொடங்கியது. ஜேசுரட்ணம் போத்தலின் மூடியைத் திறந்துகொண்டு முழங்காலில் இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை, சின்னச் சவளால் மண் கிண்டிக்கொண்டிருந்தது.